போரில் கொள்ளை: படை கட்டுமீறியதால் நடந்ததா, கூலியாகவே கொடுக்கப்பட்டதா?

வடவாயில்:

வணக்கம். பழைய போர்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. "நகரம் வீழ்ந்தது, மூன்று நாள் சூறையாடப்பட்டது." அதோடு சரி, அடுத்த பத்தியில் ஆசிரியர் அடுத்த படையெடுப்புக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த மூன்று நாள்தான் வேண்டும். யார் அனுமதி கொடுத்தது, ஏன் மூன்று நாள், அள்ளிய பொருள் யார் கைக்குப் போனது, ஒரு சாதாரணச் சிப்பாய் கையில் வெள்ளித் தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான், யாரிடம் விற்பான்?

வெற்றி வெறியில் படை கட்டுமீறிப் போனது, தளபதியால் தடுக்க முடியவில்லை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் கொஞ்சம் உள்ளே போனால் பங்கு, ஏலம், கணக்குப் புத்தகம் என்று வருகிறது. வெறி பிடித்தவன் கணக்கு எழுதுவானா? அப்புறம், இது எப்போதிலிருந்து குற்றமாகக் கருதப்படுகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

மணற்கடிகை:

சம்பளத்திலிருந்து ஆரம்பித்தால்தான் இது பிடிபடும். 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரசர்களால் படை திரட்ட முடிந்தது, மாதாமாதம் சம்பளம் போட முடியவில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போகும், பணக்கார நகரம் ஒன்று வழியில் வந்தால் அங்கே வசூலித்துக்கொள்வார்கள். 1527இல் ரோமுக்கு நடந்தது இதுதான். ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படை சம்பளம் வராமல் கலகம் செய்து, தளபதியான பூர்பான் கோமகனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ரோமை நோக்கி நடந்தது. மே 6 அன்று மதிலில் ஏறும்போதே அவர் சுடப்பட்டு இறந்துவிட்டார், அதன்பிறகு யார் பேச்சை யார் கேட்பது? போப் ஏழாம் கிளெமென்ட் சாந்தாஞ்சலோ கோட்டைக்குள் ஓடித் தப்பினார், சுவிஸ் காவலர்கள் 189 பேரில் 147 பேர் மடிந்தார்கள். இத்தனைக்கும் சார்லஸ் கத்தோலிக்கர், போப்பின் நகரத்தைக் கொள்ளையடிக்கச் சொல்லி அவர் உத்தரவு எதுவும் போடவில்லை. சம்பளத்தை நிறுத்தி வைத்ததே போதுமானதாக இருந்தது. ஆண்ட்வெர்ப் கதையும் கிட்டத்தட்ட இதேதான்: 1575இல் ஸ்பெயின் அரசு கடன்காரர்களிடம் கையை விரித்தது, 1576 நவம்பரில் சம்பளம் கிடைக்காத அதன் படை அந்த வியாபார நகரத்தைச் சூறையாடியது.

மூன்று நாள் கணக்கு முற்றுகைப் போரின் எழுதாத விதியிலிருந்து வருகிறது. பீரங்கி மதிலை உடைத்து வழி உண்டாக்குவதற்கு முன்பே நகரம் சரணடைந்தால் உயிருக்கும் உடைமைக்கும் பெரும்பாலும் உத்தரவாதம் உண்டு. உடைந்த பிறகும் பிடிவாதமாக நின்றால், அந்த உடைப்பு வழியாக ஏறுகிறவர்களில் முதல் ஆட்கள் பிழைப்பதே அரிது. அவர்களை ஏறவைக்கத் தளபதியிடம் இருந்த ஒரே ஆசைகாட்டல், உள்ளே இருப்பதெல்லாம் உனக்கு என்பதுதான். 1812 ஏப்ரலில் ஸ்பெயினின் படஹோஸ் நகரத்தைப் பிரிட்டிஷ் படை பிடித்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. அந்த ஊர் மக்கள் பிரிட்டனின் கூட்டாளி நாட்டு மக்கள், பிரெஞ்சுப் படையின் பிடியில் இருந்தவர்கள். விடுவிக்க வந்தவர்களே வீடு புகுந்தார்கள்.

சிப்பாய் யாரிடம் விற்பான் என்று கேட்டீர்களே, அதற்கு நேரடியாகவே ஒரு சாட்சி இருக்கிறது. பீட்டர் ஹாகென்டோர்ஃப் என்ற கூலிப்படைச் சிப்பாய் ஜெர்மன் நிலத்தில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் ஏறத்தாழ 25 வருடம் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், 20ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது பெர்லினில் கண்டெடுக்கப்பட்டது. 1631 மே மாதம் மாக்டெபுர்க் நகரத் தாக்குதலில் அவருக்கு இரண்டு குண்டடி. முகாமுக்குத் தூக்கிவந்து போட்டார்கள். நகரம் எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் மனைவி உள்ளே போகிறாள், புண்ணுக்குக் கட்டுத்துணியும் படுக்கையும் தேடி. திரும்பி வரும்போது துணி, ஒரு பெரிய பாத்திரம் நிறைய மது, இரண்டு வெள்ளி இடைவார், கொஞ்சம் உடைகள். பிற்பாடு அவற்றை ஹால்பர்ஷ்டாட் நகரில் 12 தாலருக்கு (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) விற்றதாகக் கணக்கு எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவு அழகான நகரம், அதுவும் என் தாய்நாட்டு நகரம் எரிகிறதே என்று மனம் வெந்ததாகவும் எழுதுகிறார். ஏறத்தாழ 25,000 பேர் இருந்த ஊரில் சுமார் 20,000 பேர் செத்துப்போனார்கள்.

அந்தக் காலத்துப் படைக்குப் பின்னால் மனைவி, குழந்தைகள், வண்டிக்காரர்கள், கள் விற்பவர்கள், பழம்பொருள் வாங்குகிறவர்கள் என்று இன்னொரு ஊரே நடந்து வரும். விற்க எங்கேயும் அலைய வேண்டியதில்லை, வாங்குகிறவன் கூடவே வருவான்.

ஏட்டுச்சுவடி:

மேலே நண்பர் சொன்னது சம்பளம் போடாத படையின் கதை. எனக்கு அதைவிடக் கலக்கம் தருவது சம்பளமும் போட்டு, கொள்ளையையும் முறையாக நடத்திய படைகள்தான்.

பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் கி.மு. 209இல் சிப்பியோ புதிய கார்த்தேஜைப் பிடித்ததைச் சொல்லும்போது ரோமர்களின் வழக்கத்தை விளக்குகிறார். படையில் பாதிக்கு மேல் கொள்ளைக்குப் போகக் கூடாது, மீதிப்பேர் ஆயுதத்தோடு காவல் நிற்க வேண்டும். எதையும் ஒளிக்க மாட்டோம் என்று போர் தொடங்கும் முன்பே எல்லோரும் சத்தியம் செய்திருப்பார்கள். கொண்டுவந்த பொருளை விற்று, காவல் நின்றவனுக்கும் கூடாரத்தில் நோயாகக் கிடந்தவனுக்கும்கூட சமமாகப் பிரிப்பார்கள். காரணத்தையும் அவரே சொல்கிறார்: நம் பங்கு போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டால் எல்லோரும் வரிசையை விட்டு ஓடுவார்கள், அந்த நேரம் எதிரி திரும்பித் தாக்கினால் படை அழியும். ஆகக் கொள்ளையை ஒழுங்கு செய்ததே படையைக் காப்பதற்காகத்தான். கொள்ளை போகிறவர்களைப் பற்றி அங்கே யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாயிரம் வருடம் கழித்து பிரிட்டிஷ் படையில் இதே ஏற்பாடுதான் பிரைஸ் ஏஜெண்ட், அதாவது பிடித்த பொருளைத் திரட்டிப் பங்கிடும் அலுவலர், என்ற பெயரில் நடந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பாருங்கள். 1799 மே 4 மதியம் கோட்டை விழுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அன்று இரவு முழுக்கச் சூறையாடல். நகரத்தில் கொள்ளை போகாத வீடு அநேகமாக இல்லை என்றும், சிப்பாய்கள் விலையுயர்ந்த நகைகளையும் தங்கக் கட்டிகளையும் படையோடு வந்த கடைத்தெருவில் விற்றுக்கொண்டிருந்ததாகவும் ஆர்தர் வெல்லெஸ்லி தன் அண்ணனான கவர்னர் ஜெனரலுக்கு எழுதுகிறார். மறுநாள் காலை அவர் பொறுப்பேற்று, சிலரைத் தூக்கிலிட்டு, பலரைச் சவுக்கால் அடித்து ஒழுங்கை நிலைநாட்டினார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தூக்கில் தொங்கியவர்கள் செய்த குற்றம் என்ன? பொதுக் குவியலில் சேர வேண்டியதைத் தனியாக அள்ளியது. ஒழுங்கு திரும்பிய பிறகு கொள்ளை நிற்கவில்லை, கணக்கோடு தொடர்ந்தது. பிரைஸ் ஏஜெண்டுகள் அரண்மனைக் கருவூலத்தை எண்ணி, மதிப்புப் போட்டு, ஏலம் விட்டு, பதவிக்குத் தக்கபடி பிரித்தார்கள். தளபதி ஜெனரல் ஹாரிஸ் எட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார், அது 1,40,000 பவுண்டுக்கும் மேல். வெல்லெஸ்லிக்கு வந்தது சுமார் 4,000 பவுண்டு. திப்புவின் அரியணை மரச்சட்டத்தில் தங்கத் தகடு போர்த்தியது, முன்னால் பெரிய புலித்தலை. முழுசாக இருந்தால் பங்கு போட முடியாது என்று அதை உடைத்துத் துண்டு துண்டாக்கினார்கள். அதை மன்னருக்கு அனுப்ப நினைத்திருந்த கவர்னர் ஜெனரலுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்தப் பெரிய புலித்தலையும் மேலே இருந்த ஹுமா என்ற புராணப் பறவையின் உருவமும் இப்போது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன, விளிம்பில் இருந்த சின்னப் புலித்தலைகள் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறிவிட்டன. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. பேராசையில் பிடுங்கியதைக்கூட விட்டுவிடலாம், பங்கு பிரிப்பதற்காக ஒரு கலைப்பொருளை வெட்டியதை எப்படிச் சகிப்பது?

1857 செப்டம்பரில் டெல்லி வீழ்ந்தபோதும் இதே அலுவலர்கள்தான். நகர மக்களை வெளியே துரத்திவிட்டு, காலி வீடுகளின் தரையைத் தோண்டியும் சுவரை இடித்தும் புதைத்து வைத்ததைத் தேடினார்கள். மாதக்கணக்கில் நடந்தது.

இன்னொன்று. 1868இல் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைப் பிரிட்டிஷ் படை பிடித்தது, பேரரசர் தெவோத்ரோஸ் தற்கொலை செய்துகொண்டார். அங்கிருந்து அள்ளியதைச் சுமக்க 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. டலாண்டா சமவெளியில் இரண்டு நாள் ஏலம். ரிச்சர்ட் ஹோம்ஸ் என்ற பிரிட்டிஷ் மியூசியம் அலுவலர் படையோடேயே அனுப்பப்பட்டிருந்தார், கையில் பணத்தோடு. ஒரு தங்கக் கிரீடத்தையும் தங்கக் கிண்ணத்தையும் அவர் ஒரு சிப்பாயிடம் 4 பவுண்டுக்கு வாங்கினார். யார் வாங்குவார்கள் என்று கேட்டீர்கள், அருங்காட்சியகமே வந்து வரிசையில் நின்றது.

புதுக்கணக்கு:

எல்லாம் சரி, ஆனால் இதுவரை வந்ததெல்லாம் எடுத்தவன் எழுதிய கணக்கு. பறிகொடுத்தவன் பட்டியல் எங்கே? ஹாகென்டோர்ஃபின் மனைவி எடுத்த வெள்ளி இடைவாருக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருந்திருப்பாளே, அவள் உயிரோடு இருந்தாளா என்பதுகூட நாட்குறிப்பில் இல்லை. நகரத்தையே கொள்ளையடிக்காமல் விட்ட இடங்களிலும் மக்கள் தப்பவில்லை. முப்பதாண்டுப் போரில் வாலன்ஸ்டைன் போன்ற தளபதிகள் ஊர் ஊராகத் தண்டல் போட்டார்கள். இவ்வளவு பணம் கட்டு, கட்டாவிட்டால் கொளுத்துவேன். ரசீது கொடுத்து வாங்கியதால் அது கொள்ளை இல்லையாம். அடுத்த மாதம் எதிர்ப்படை வந்து அதே தொகையை மறுபடி கேட்கும். ஊர் காலியாகும்வரை இரண்டு பக்கமும் மாறி மாறி வாங்கினார்கள்.

கல்வெட்டடி:

ஐரோப்பியரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது நேர்மை இல்லை என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன். நம் அரசர்களும் செய்தார்கள், மறைக்கவும் இல்லை, கல்லில் வெட்டி வைத்தார்கள்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குத் தாராசுரத்திலிருந்து வந்த ஒரு துவாரபாலகர் சிலை உண்டு. கருங்கல், பார்த்தவுடனே சோழர் உளி இல்லை என்று தெரிந்துவிடும், சாளுக்கிய வேலை. பீடத்தில் "உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்" என்று இருக்கிறது. முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரை அழித்துக் கொண்டுவந்தது. பொன்னும் இல்லை, மணியும் இல்லை, இத்தனை கனமான கல்லை அவ்வளவு தூரம் இழுத்துவந்தது எதிரியின் வாசற்காவலனைத் தன் வாசலில் நிறுத்திக் காட்டுவதற்காக. கொள்ளைக்குப் பணம் மட்டும் காரணம் என்று நினைத்தால் இந்தச் சிலை விளங்காது.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் "பொருகடல் ஈழத்து அரசர்தம் முடியும், ஆங்கவர் தேவியர் ஓங்கெழில் முடியும்" என்று எடுத்து வந்த பொருள்களின் பட்டியலே வருகிறது, பாண்டியன் அங்கே கொடுத்து வைத்திருந்த முடியும் இந்திரன் ஆரமும் சேர்த்து. பறிகொடுத்தவர் கணக்கைக் கேட்டீர்கள் அல்லவா, இதற்கு இருக்கிறது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் அதே படையெடுப்பைச் சொல்லும்போது, சோழப் படை பௌத்தர்களின் புனிதத் தாதுக் கருவறைகளை உடைத்துப் பொற்சிலைகளைக் கொண்டுபோனதாகவும், இரத்தம் குடிக்கும் யட்சர்களைப் போல நாட்டின் செல்வத்தை உறிஞ்சியதாகவும் சொல்கிறது. ஒரே நிகழ்ச்சி, இங்கே புகழ்ப்பாட்டு, அங்கே ஒப்பாரி. 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டிலும் சாளுக்கியர் சோழப் படையைப் பற்றி இதே மாதிரிதான் புலம்புகிறார்கள்: நாட்டைச் சூறையாடினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றார்கள் என்று. அதில் சோழப் படையின் எண்ணிக்கை 9 லட்சம் என்று இருக்கிறது, அதை நம்ப முடியாது. ஆனால் எண்ணிக்கை மிகை என்பதற்காக நடந்ததே பொய்யாகிவிடாது.

எண்ணிக்கைகளைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் தெற்கிலிருந்து திரும்பியபோது கொண்டுபோனதை அமீர் குஸ்ரோ 512 யானை, 5,000 குதிரை, 500 மணங்கு ரத்தினம் என்கிறார். பின்னால் வந்த பரணி 612 யானை, 20,000 குதிரை, 96,000 மணங்கு பொன் என்கிறார். முதலாமவர் அந்தக் காலத்து அரசவைக் கவிஞர், இரண்டாமவர் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர். யானைக் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, குதிரை நான்கு மடங்காகிவிட்டது. இன்றைக்கு மாலிக் காபூரைத் திட்ட வருகிறவர்கள் பரணியின் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள், அதே ஆட்கள் ஹொட்டூர்க் கல்வெட்டைத் தொடுவதில்லை.

தென்திசை:

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் லிங்கன் அரசு வெளியிட்ட லீபர் விதிகளில், பிடித்த இடத்தைக் கொள்ளையடிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று வருகிறது. நாடுகளுக்கு இடையிலான சட்டமாக ஆனது 1899லும் 1907லும் ஹேக் மாநாடுகளில். 28ஆவது விதி, தாக்கிப் பிடித்த நகரமாகவே இருந்தாலும் சூறையாடக் கூடாது என்கிறது. அந்த "தாக்கிப் பிடித்த" என்பதைப் பாருங்கள், வடவாயில் கேட்ட மூன்று நாள் வழக்கத்துக்குத்தான் அது முற்றுப்புள்ளி. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது, 1954இல் பண்பாட்டுச் சொத்துக்கென்றே தனி ஒப்பந்தம் வந்தது.

ஆனால் 1907க்கும் 1954க்கும் நடுவில்தான் மிகப் பெரிய கொள்ளை நடந்தது. நாஜிகள் இதற்கென்று அலுவலகங்களே வைத்திருந்தார்கள். ஓவியங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட நெஞ்சைப் பிசைவது பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்தில் யூதர்களின் வீடுகளைக் காலி செய்த திட்டம். சுமார் 70,000 வீடுகள். கட்டில், நாற்காலி, சட்டி பானை, குழந்தைகளின் பொம்மை, விளக்கு, எல்லாமே ரயிலேறி ஜெர்மனிக்குப் போயின. வீட்டுக்காரர்கள் அநேகமாக வேறு ரயிலில் முகாமுக்குப் போயிருந்தார்கள்.

இன்னொரு வகையும் உண்டு, யாரும் கதவை உடைக்காத கொள்ளை. பிரான்ஸ் தன்னை ஆக்கிரமித்த படையின் செலவுக்கென்று நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் கட்ட வேண்டியிருந்தது. மார்க்கின் மதிப்பையும் செயற்கையாக உயர்த்தி 1 மார்க்குக்கு 20 பிராங்க் என்று வைத்தார்கள். ஜெர்மன் சிப்பாய் கடைக்குள் போய், பணம் கொடுத்து, பொருளை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் பார்சல் அனுப்பினான். தன்னைக் கொள்ளைக்காரன் என்று அவன் நினைத்திருக்கவே மாட்டான்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 1944 டிசம்பரில் சோவியத் படைக்கு உத்தரவு வந்தது: சாதாரணச் சிப்பாய் மாதம் 5 கிலோ, அதிகாரி 10 கிலோ, ஜெனரல் 16 கிலோ வரை வீட்டுக்கு அனுப்பலாம். எல்லாமே இழந்து நின்ற மக்களின் படை அது, கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் கிலோக் கணக்கில் அனுமதி கொடுத்துவிட்டால் வீடு வீடாக ஏறாமல் எப்படி இருப்பார்கள்?

வடவாயில்:

எல்லோருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி சார், அரியணையைப் படித்த பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறோம், யாருக்கு? அந்த அரசும் இல்லை, அந்த நாடும் அப்படியே இல்லை.

ஏட்டுச்சுவடி:

இந்தக் கேள்வியை, கொள்ளைப் பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே அணுக வேண்டும். சிக்கல் இருப்பது உண்மை. வெனிஸின் மாற்குப் பேராலயத்து வெண்கலக் குதிரைகள் நான்கும் 1204இல் சிலுவைப் படை கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியபோது வந்தவை. 1797இல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அவர் தோற்றதும் 1815இல் திருப்பிக் கொடுத்தார்கள், வெனிஸுக்கு. ஆறு நூற்றாண்டு வைத்திருந்தவன் சொந்தக்காரன் ஆகிவிட்டான். இவ்வளவு பின்னால் போனால் பதில் கிடைப்பது கஷ்டம்தான்.

ஆனால் 1897இல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் அரண்மனையைச் சூறையாடியது அப்படி இல்லை. அரண்மனை தெரியும், எடுத்த படை தெரியும், விற்றது தெரியும், அரச குடும்பம் இன்றும் இருக்கிறது. 2022இல் ஜெர்மனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக்கொடுத்தது. 2023இல் நைஜீரியக் குடியரசுத் தலைவர் அவற்றின் உரிமை பெனின் மன்னரான ஓபாவுக்கே என்று அறிவித்ததும் ஐரோப்பாவில் சிலர், பார்த்தீர்களா, பொது மக்களுக்குப் போகவில்லை என்று குறை சொன்னார்கள். அது அவர்கள் வீட்டு விவகாரம். வாங்கிக்கொள்கிறவன் எங்கே வைப்பான் என்று கேட்கும் உரிமை எடுத்தவனுக்குக் கிடையாது. நெதர்லாந்து 2025இல் 119 பொருள்களை அந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் கொடுத்தது.

ஆதாரம் இல்லை என்ற சாக்கும் பெரும்பாலும் செல்லாது. ரோஸ் வாலான் என்ற பெண் பாரிஸின் ஜூ டி போம் அருங்காட்சியகத்தில் வேலை செய்தவர், நாஜிகள் அங்கே குவித்த ஓவியங்கள் யாருடையவை, எந்த ரயிலில் எங்கே போகின்றன என்று நான்கு வருடம் ரகசியமாகக் குறித்துவைத்தார். தனக்கு ஜெர்மன் புரியும் என்பதையே அவர் காட்டிக்கொள்ளவில்லை. போருக்குப் பிறகு பல ஆயிரம் பொருள்கள் திரும்பியதற்கு அந்தக் குறிப்புகள் பெரிய காரணம். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் மக்தலாவுக்கும் ரகசியக் குறிப்பு எழுத ஆள் தேவைப்படவில்லை. எடுத்தவர்களே ஏலக் கணக்கு வைத்திருக்கிறார்கள், யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்பது உட்பட. அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.